நட்சத்திரக் குறி

கழனிவாசல் கிட்டங்கியில்
பெட்டிக்கு நாற்பத்தெட்டு பிஸ்கட் பாக்கெட்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும்
சுரண்டினால் தங்கக்காசு என்று
வாய் நிறையச் சிரிக்கும் ஒரு பெண்.
அந்த வாயை மூடுவதுதான் எங்கள் வேலை.
எனக்கும் ஜெபமாலைக்கும் ஆளுக்கொரு சுருள் ஸ்டிக்கர்:
இச்சலுகை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது.
பெட்டிக்கு ஒன்றரை ரூபாய்.

அதே மாவு, அதே சர்க்கரை, அதே லாரி.
ஓசூருக்கு இந்தப் பக்கம் வந்ததும்
பாக்கெட்டுக்கு மட்டும் அதிர்ஷ்டம் தீர்ந்துவிடுகிறது.

சுவரொட்டியில் பரிசு பெரிதாக இருக்கும்,
அதன் தோளில் ஒரு நட்சத்திரம்.
அது எங்கே விழுந்தது என்று தேடிக் கீழே போனால்
எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி.
எனக்கு இது புதிதில்லை.
மூலம் என்று கேட்டதும்
மூன்று வரன்கள் காபியைப் பாதியில் வைத்து எழுந்தன.
அன்றும் நட்சத்திரம்தான்.
அன்றும் இதே சொல்தான்.

செவ்வாய்க்கிழமை ஒரு பாக்கெட் உடைந்தது.
உடைந்ததெல்லாம் எங்கள் டீக்கு.
ஜெபமாலை கொண்டை ஊசியால் சுரண்டினாள்.
நான்கு கிராம்.

"வாழ்த்துகள் மேடம், எந்த மாநிலம்?"
பாண்டிச்சேரி என்று நான் வாயசைத்தேன்.
ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்,
காரைக்குடி என்றாள்.
கேட்காத பின்கோடையும் சொன்னாள்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம்.
பிறகு அந்தக் குரல்
எழுதிக்கொடுத்ததிலிருந்து இறங்கி வந்தது:
"அக்கா, எனக்குச் சாத்தூர்.
பெங்களூரில் உட்கார்ந்து
தினம் எழுபது பேரிடம் இதைச் சொல்கிறேன்.
ஊழியர் குடும்பத்துக்கும் கிடையாது,
அடுத்த வரியைப் பாருங்கள்."

முதலாளி சேவுகன் கல்லாவிலிருந்தே சொன்னார்:
"இங்கே சட்டம் அப்படி.
பரிசைக் காட்டிச் சரக்கு விற்கக் கூடாது.
கம்பெனிக்காரனுக்கு
வக்கீலை வைப்பதைவிட ஸ்டிக்கர் மலிவு.
பேச்சைக் குறைத்து ஒட்டுங்கள்."

நான் சண்டைக்குப் போகவில்லை.
பூட்டான், சிக்கிம், நாகாலாந்து,
பள்ளிக்கூட வரைபடத்துக்கு முன்பே
அப்பாவின் சட்டைப்பையில் நான் பார்த்த ஊர்கள்.
நாலு மணிக்குப் பேருந்து நிலையப் பலகையில்
சுண்ணக்கட்டியால் எண்கள் எழுதுவார்கள்.
கடைசி எண் தவறும்.
எப்போதும் அந்த ஒரே எண்.
அம்மாவின் தோடு போய்
காதில் வேப்பங்குச்சி வந்தது.
லாட்டரிக்குத் தடை என்று ரேடியோவில் சொன்ன வாரம்
அம்மா அரைக்கிலோ கறி எடுத்தாள்.
அப்பா மட்டும்
யாரோ செத்துப்போன மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அதுக்காக
அஞ்சு ரூபா பிஸ்கட்டுக்குமா?"
என்று ஜெபமாலை கேட்டாள்.
எனக்குப் பதில் தெரியவில்லை.
சுரண்டிய அட்டையை அவள் எறியவில்லை.
பைபிளில் எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள்.

ஆறரைக்குப் புதுவயல் டவுன் பஸ்.
நடத்துநர் எனக்குக்
காசில்லாத சீட்டைக் கிழித்துத் தந்தார்.
பக்கத்தில் என் வீட்டுக்காரர் சில்லறை தேடினார்.
"ஒரே பஸ், ஒரே சீட், ஒரே ஊர்.
இது என்ன நியாயம்?"
கோட்டையூர் வரை தினமும் ஓடும் வழக்கு.

இன்று என் முழங்கையில் ஒட்டிக்கொண்டு வந்த ஒன்றை உரித்து
அவர் சட்டைப்பையின் மேல் ஒட்டினேன்.
தாடையைக் கழுத்தில் இடித்துக்கொண்டு
தலைகீழாகப் படித்தார்.
கோட்டையூர் தாண்டித்தான் சிரித்தார்.

அது கம்பெனிப் பசை.
மூன்று தடவை துவைத்துவிட்டேன்,
"தாது" மட்டும் இன்னும் இருக்கிறது.